ஓட்டைப்பை ஒண்டிமுத்து

ஓசூரிலிருந்து வந்தவர் கேட்கிறார்,
ஒண்டிமுத்து பிறந்தது எந்த வருஷம்?
கையில் வெள்ளைத் துணியுறை.
முதல் இதழை மேசைமேல் வைக்கிறார்,
மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக் குப்பியை வைப்பதுபோல.
அட்டையில் விலை இருபது காசு.
பதினோராயிரம் கொடுத்தாராம்.

அறுபத்தாறு, ஐப்பசி.
குமாரசாமிப்பேட்டை அச்சகத்தில்
கல்யாணப் பத்திரிகைக்கு வெட்டியதுபோக
மிஞ்சிய ரோஸ் தாளில் பிறந்தான்.
அதனால்தான் முதல் மூன்று இதழிலும்
வானம் அந்த நிறம்.
அந்தி என்று எழுதியிருக்கிறீர்களாமே,
இருக்கட்டும்.

மாதேசன் வரைவார்.
குமிழுக்குள் எழுதுவது நான்.
பக்கத்துக்கு எட்டணா.
'லை'க்குத் தும்பிக்கை இருந்த காலம்.
குமிழ் சின்னது, தும்பிக்கை பெரிது.
அவன் "விலையில்லை" என்று சொல்ல நேர்ந்தால்
இரண்டு யானையை
ஒரே குமிழில் கட்டவேண்டும்.

ஜேப்படிக்காரன்.
தர்மபுரி பஸ் ஸ்டாண்டில்
அரூர் வண்டிக்கும் பாலக்கோடு வண்டிக்கும் நடுவே தொழில்.
ஆனால் அவன் அரைக்கால்சட்டைப் பையில் ஓட்டை.
எடுத்ததெல்லாம் பின்னாலேயே சிந்தும்.
மிட்டாய்க்காரர் பர்ஸ், கண்டக்டர் சில்லறை,
ஒருமுறை தாசில்தார் பல்செட்.
பின்னால் வருகிறவர்கள் பொறுக்கிக்கொள்வார்கள்.
கடைசிக் கட்டத்தில்
பைக்குள் விட்ட விரல்
முழங்கால்கிட்ட எட்டிப்பார்க்க,
நம்மைப் பார்ப்பான்.
அவ்வளவுதான் கதை.
ஏழு வருஷம் அதுவே போதுமாயிருந்தது.

சப்-ஜெயிலிலிருந்துகூட ஒரு கார்டு வந்தது:
எங்க கஷ்டத்தை உங்களுக்கு யார் சொன்னது?

கண் முதலில் முழு வட்டம்.
அப்புறம் தர்பூசணியில் துண்டு போட்டதுபோல் ஒரு வெட்டு.
பன்னிரண்டாம் இதழில் தொப்பி போனது.
ரசனை மாற்றமெல்லாம் இல்லை சார்,
சேலத்திலிருந்து வந்த பிளாக்கில்
மேலோரம் உடைந்திருந்தது.
மறுபடி செய்ய
நஞ்சப்ப செட்டியார் காசு தரவில்லை.
தொப்பி இல்லாமலே பழகிக்கொண்டான்.

எழுபத்துமூன்றில் இன்னொரு கடிதம்.
பென்னாகரத்துத் தலைமையாசிரியர்:
பிள்ளைகள் பையைக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள்,
உங்கள் திருடனுக்கு
நல்ல புத்தி சொல்லவும்.

செட்டியார் பயந்துவிட்டார்.
ஒண்டிமுத்துவுக்குக் கையுறை போட்டார்கள்.
தலை வாரினார்கள்.
நாற்பத்தோராம் இதழில் ஒரு தையற்காரர்
ஓட்டையைத் தைத்தார்.
முழுப்பக்கப் படம், ஊசி மட்டும் ஒரு முழம்.

அதன்பிறகு பர்ஸைத் திருப்பிக் கொடுத்தான்,
அஞ்சலகச் சேமிப்பு பற்றிப் பேசினான்,
பல் விளக்கினான்.
என் குமிழ்கள் பெருத்தன.
வாய் நிறைய வார்த்தை,
பையிலிருந்து ஒன்றும் விழவில்லை.
ஐந்நூறு பிரதி, முந்நூறு பிரதி.
விற்காத கட்டுகள்
பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில்
தட்டுக்கு விரிப்பாயின.
அவன் அறிவுரைமேல் படுத்து
புழுக்கள் இரவெல்லாம்
மழைச் சத்தத்தில் இலை தின்றன.

நாற்பத்தெட்டு, கடைசி.
வரைந்து வைத்துவிட்டு, மை காயுமுன்
மாதேசன் காவேரிப்பட்டணம் பஸ் ஏறிவிட்டார்,
மாம்பழக்கூழ் டின்னுக்கு லேபிள் போட.
"முற்றும்" எழுதவேண்டியது நான்.

அந்தக் கட்டத்துக்குத்தான்
பூதக்கண்ணாடியைக் கொண்டுபோகிறார்.
இங்கே பாருங்கம்மா,
கால்சட்டைக்குக் கீழே, குதிகால் ஓரம்,
ஒரு புள்ளி.
கிடைத்த ஆறு பிரதியிலும் இருக்கிறது.
பிளாக் கோளாறா, அச்சுக் கோளாறா?
பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார் இதைப் பற்றி.

கறுப்பு. உருண்டை.
ஐம்பது வருஷமாக அந்தரத்தில் நிற்கிறது,
இன்னும் தரையைத் தொடவில்லை.

எனக்கு அப்போது இருபத்துநாலு.
நான்காம் நம்பர் முனை.
தொட்டு எடுக்க ஒரு நொடி.

"மை சிந்தியிருக்கும் சார்."

எழுதிக்கொண்டார்.
அடிக்குறிப்பில் போட உங்கள் பெயர்?
நாற்பத்தெட்டு இதழில் ஒன்றிலும் வராதது.
ஜெபமாலை, என்றேன்.
'லை'யை இந்தக்கால முறையில் எழுதினார்,
தும்பிக்கை இல்லாமல்.